சிற்றாறு பதில் சொன்னது

பதினொன்றே காலுக்கு அருளப்பன் எல்லாம் முடிந்துவிட்டது என்று அறிவித்தான். அவன் முடிந்துவிட்டது என்றால் முக்கால்வாசி முடிந்திருக்கும் என்பது, பதினோரு வருஷம் அவனோடு ஆஸ்பத்திரியின் ஒரே கம்ப்யூட்டர் அறையில் குப்பை கொட்டியதில் மங்கையர்க்கரசிக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கச் சுகமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, வெளியே ஆனி மாசத்துச் சாரல், உள்ளே ஏசிக் குளிர், தோளில் அந்தப் பச்சைச் சால்வை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அந்தச் சால்வையைப் பார்த்தாலே கொடைக்கானலா அக்கா என்பார்கள், என்னவும் சொல்லிவிட்டுப் போகட்டும், பதினெட்டு டிகிரியில் எட்டு மணி நேரம் அவர்களா உட்காரப்போகிறார்கள். "மூணுக்கும் பிங் போவுதுக்கா. ஒண்ணுகூட விழல. ஜன்னத்துக்குப் போனப் போட்டு ஆரம்பிக்கச் சொல்லிருவமா?" என்றான் அருளப்பன். ஸ்கேன் அறை ஜன்னத் காலையிலிருந்து நாலு தரம் கேட்டாயிற்று. ஒரு மணி வரை நேரம் இருக்குல்லா, பொறு என்றாள் மங்கை. ஏன் பொறுக்கச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்த நினைப்பு. வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்ள இன்றைக்குப் புருஷன் நயினார் இருக்கிறான், அது வேறு கவலை.

மூன்று பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அலமாரியில் முனகிக்கொண்டிருந்தன. பச்சையாறு, சிற்றாறு, கடனா. பெயர் வைத்தது அவள்தான், மூன்றும் தாமிரபரணியில் வந்து கலக்கிற ஆறுகள். வேறு ஊராக இருந்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்திருப்பார்கள், ஆனால் தாமிரபரணித் தண்ணியைக் குடித்துவிட்டு அப்படி வைக்க மனசு வருமா. மூன்றிலும் உள்ள டிஸ்குகள் எல்லாம் சேர்ந்து வெளியே ஒரே பெரிய கிடங்காகத் தெரியும். ஒருத்தருக்கு எடுத்த ஸ்கேன் படம் எந்தப் பெட்டிக்கு வந்தாலும் உடனே இன்னொரு பெட்டிக்கும் ஒரு நகல் போய்விடும், ஒன்று படுத்துக்கொண்டாலும் மற்ற இரண்டும் தாங்கும். அந்த நகல் போவதற்கென்றே தனியாக ஒரு பாதை, ஸ்கேன் அறையிலிருந்து வருவதற்கு ஒரு பாதை, இவளும் அருளப்பனும் உள்ளே போய்ப் பார்ப்பதற்கு ஒரு பாதை, எல்லாம் நடுவில் இருக்கிற ஒரே ஸ்விட்சு வழியாக. இரண்டு ஸ்விட்சு கேட்டார்கள், ஒன்றுதான் வந்தது, அது பழைய கதை. இதையெல்லாம் மீட்டிங்கில் சொன்னபோது பெரிய டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, வெளியே ஒரு கம்பெனியைக் கூப்பிட்டால் ஒரே நாளில் முடித்துவிடுவார்களே என்றார். வேண்டாம் மேடம், நாங்களே செய்திருவோம் என்று ஒரு குரல் கேட்டது, திரும்பிப் பார்த்தால் அது மங்கையின் குரல். சரி, செய்யுங்கள், சரிவரவில்லை என்றால் இனிமேல் எல்லாவற்றையும் வெளியாளிடமே விட்டுவிடலாம் என்றார் டாக்டரம்மா, கோபமே இல்லாமல். கோபமில்லாமல் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது. இதுவரை படங்களை வாங்கி வைத்திருந்த பழைய பெட்டி போன வாரத்திலிருந்து இழுத்துக்கொண்டு கிடந்தது, காலை ஒன்பதுக்கு அதில் புதுப் படம் வாங்குவதை நிறுத்தியாயிற்று. ஒரு மணிக்கு இவள் ஜன்னத்திடம் 'ஆரம்பி' என்று சொன்னால் அந்த நிமிஷத்திலிருந்து எல்லாப் படமும் இங்கேதான். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் பிறகு திரும்ப வாயில் போட்டுக்கொள்ள முடியாது.

போன் அதிர்ந்தது, நயினார். "ஏட்டி, கசகசா எங்க இருக்கு?" மூன்றாவது தட்டு, நீல மூடி டப்பா என்றாள். நீல மூடி டப்பாவில் சீரகம்தான் இருக்கிறதாம். அதுக்குப் பின்னால இன்னொரு நீல மூடி இருக்கும், கையை நீட்டுங்க என்றாள். ஆம்பளைகள் முன்னால் இருக்கிற டப்பாவோடு தேடலை முடித்துக்கொள்வார்கள், பின்னால் ஒரு உலகம் இருப்பது தெரியாது. "ஆங், கெடச்சிட்டு, கெடச்சிட்டு," என்று அவன் சந்தோஷப்பட்டதில் இவளுக்கும் சந்தோஷமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைக்கிறேன் நீ போய் உன் ஆறுகளைப் பாரு என்று சொல்லி அனுப்பின மனுஷன். நல்ல மனுஷன். குழம்பு எப்படி வருமோ, ஆனால் நல்ல மனுஷன். நோட்டைத் திறந்தாள். எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில், எந்தப் பெட்டிக்கு என்ன ஐபி எண், எல்லாம் அவள் கையெழுத்தில் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் நேரே பச்சை மையில் ஒரு டிக். புதன்: பாதைகள் மூன்றையும் பிரித்தது, டிக். வியாழன்: நகல் பாதையை அகலமாக்கியது, டிக். வியாழன்: பெரிய பிங், டிக். சனி: கேபிள் ஒழுங்கு செய்தது, அருளப்பன், டிக். பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது. பள்ளிக்கூடத்தில் செண்பகம் அக்காவின் கணக்கு நோட்டு இப்படித்தான் இருக்கும், மார்ஜின் கோடு போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல். மங்கையின் நோட்டில் எண்ணெய்க் கறை இருக்கும். அக்காவைப் பார்த்துப் படி என்று வீட்டில் சொல்லாத நாளில்லை, கடைசியில் அக்கா தூத்துக்குடியில் வாக்கப்பட்டு வீட்டோடு இருக்கிறாள், எண்ணெய்க் கறைக்காரி இங்கே பச்சை டிக் போட்டுக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கும் ஒன்றே காலுக்கு அக்கா கூப்பிடுவாள். மச்சான் துறைமுகத்துக்குச் சாப்பிட்டுத் திரும்பிப் போகிற நேரம் அது, ஞாயிறென்றால் அவர் தூங்குகிற நேரம். சாப்ட்டியா என்பாள். சாப்ட்டேன், நீ என்பாள் இவள். ஆச்சு, என்ன குழம்பு, மழை உண்டுமா, சரி வையி. இரண்டு நிமிஷம். ஆறு வருஷமாக ஒரு நாள் தப்பியதில்லை.

ஒரு நாள் தப்பியதில்லை, அதுதான் இடறுகிறது. மாசி மாசம் கோவில்பட்டியில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் பக்கத்து இலைக்கு உட்கார்ந்த அக்காவின் நாத்தனார், ஆபரேஷனுக்கு அப்புறம் செண்பகம் ஒரு குடம் தண்ணிகூடத் தூக்குறதில்ல, நாங்க விடுறதில்ல என்றாள். மங்கை ஆமா ஆமா என்று தலையாட்டினாள். என்ன ஆபரேஷன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் தங்கச்சிக்கே தெரியாதா என்று ஆகிவிடும். அதனால் பாயசத்தை அப்பளத்தோடு பிசைந்துகொண்டே, நாத்தனார் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினாள்: ஐப்பசியில், கர்ப்பப்பையை எடுத்தது, எட்டு நாள் படுக்கை. ஐப்பசியில் அக்கா தினமும் பேசினாளே. எட்டு நாளும் பேசினாளே. சாப்ட்டியா என்று கேட்டாளே. இவள் ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிறவள், அந்த மாதிரிப் படங்களை எல்லாம் வாங்கி அடுக்கிவைக்கிறதே இவள் வேலை, ஊரில் யாருக்கு என்ன கட்டி என்று இவள் பெட்டிக்குத் தெரியும், கூடப் பிறந்தவளுக்கு என்ன என்று தெரியவில்லை. பந்தியிலிருந்து எழுந்து கை கழுவும்போது அழுகை முட்டியது, குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டுக்கொண்டாள். அதற்கப்புறமும் நாலு மாசம், தினமும் ஒன்றே காலுக்கு, சாப்ட்டியா, சாப்ட்டேன். ஏன் சொல்லவில்லை என்று இவள் கேட்கவில்லை. கேட்கிற வார்த்தை நெஞ்சுவரை வரும், வந்து நிற்கும், அதற்குள் சரி வையி என்று அக்கா சொல்லிவிடுவாள். இதில் அவளை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா. ஐப்பசியில் ஒரு நாள் அக்கா பேசும்போது பின்னால் தள்ளுவண்டி உருளுகிற சத்தம் கேட்டது. இரும்புச் சக்கரம் மொசைக் தரையில் உருளுகிற சத்தம், மங்கை தினமும் கேட்கிற சத்தம், தூக்கத்தில் கேட்டாலும் இன்னதென்று சொல்லிவிடுவாள். அக்கா வீட்டு டிவி என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாளா, நினைத்துக்கொள்ள வசதியாக இருந்ததா? எண்ணம் இந்த இடத்துக்கு வந்தால் எப்போதும் திரும்பிப் போய்விடும். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"யக்கா, என்ன யோசன? மணி பன்னெண்டு," என்றான் அருளப்பன். ஒன்றுமில்லை என்று நோட்டைப் பார்த்தாள். வியாழன், பெரிய பிங், டிக். அந்த டிக் மட்டும் வால் நீண்டு பக்கத்து வரியில் இடித்திருந்தது. பிங் என்பது வேறொன்றுமில்லை, ஒரு பெட்டி இன்னொரு பெட்டியிடம் இருக்கியா என்று கேட்பது, அது இருக்கேன் என்பது. சின்னதாகக் கேட்டால் அறுபத்து நாலு பைட்டு, ஒரு வாய்ச் சொல். ஆனால் ஸ்கேன் படத்தின் நகல் போகும்போது ஒன்பதாயிரம் பைட்டாக மூட்டை கட்டிப் போகும். அந்த அகலத்துக்கு மூன்று பெட்டிகளும் நடுவில் இருக்கிற ஸ்விட்சும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மூட்டை அங்கேயே விழும், சத்தமே வராது. மகாராஜ நகருக்கு வீடு மாறினபோது காலையிலிருந்து ஆளெல்லாம் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள், படி நல்ல படி என்றே எல்லோரும் சொன்னார்கள், பீரோ வந்து திருப்பத்தில் மாட்டிக்கொண்ட பிறகுதான் படியின் அகலம் தெரிந்தது. அதற்காகத்தான் பெரிய பிங். வியாழக்கிழமை ஸ்விட்சில் அகலத்தைக் கூட்டி, ஒன்பதாயிரம் கட்டி அனுப்பிப் பார்த்து, மூன்றும் பதில் சொல்லி, டிக் போட்டாயிற்று. போட்டாயிற்றே. பிறகென்ன? டிக் ஏன் வால் நீண்டது? போன் வந்தது. டிக் போடும்போது இடது கையில் போன். ஒன்றே கால், அக்கா. சாப்ட்டியா. இனிமேத்தான். என்னட்டி இவ்ளோ நேரமாவா, மொதல்ல போய்ச் சாப்பிடு, வேலை எங்கயும் ஓடிறாது. சரிக்கா. அப்புறம் எழுந்து போனாள். புளியோதரை, அப்பளம், கேன்டீனில் ஜன்னத்தோடு, அவள் தம்பிக்குப் பெண் பார்த்த கதை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது திரையில் வேறு வேலை. எழுந்து போகும் முன் என்ன செய்தாள்? ஸ்விட்சில் எதைச் சொன்னாலும் உடனே கேட்டுக்கொள்ளும், ஆனால் அதைச் சேமித்து வை என்று தனியாக இன்னொரு வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால் மின்சாரம் போய் வந்ததும் எல்லாம் மறந்துவிடும். புதன்கிழமை எழுதினாள், நன்றாக நினைவிருக்கிறது. வியாழக்கிழமை? சாப்ட்டியா, இனிமேத்தான். வியாழக்கிழமை?

"அருளப்பா, நேத்து கேபிள் கட்டும்போது ஸ்விட்ச அணைச்சியா?" "ஆமா, கரண்டு வயரு குறுக்க கெடந்துச்சு, கழத்தி மாட்டுனேன். ஏன்க்கா?" மங்கை கீபோர்டை இழுத்துக்கொண்டாள். அவன் அதற்குள், இப்பப் பாத்தேம்லா, பிங் போவுது என்றான். சின்னப் பிங் போவுதுதான். அக்காவுக்கும் இவளுக்கும் தினமும் ஒன்றே காலுக்கு ஆறு வருஷமாய்ப் போவுது. ஒன்பதாயிரம் பைட்டு மூட்டையாகக் கட்டி, உடைக்காமல் அப்படியே அனுப்பு என்றும் சேர்த்து, பச்சையாற்றிலிருந்து சிற்றாற்றுக்கு அனுப்பினாள். ஒரு வரி. பதில் இல்லை. இரண்டாவது வரி. பதில் இல்லை. கடனாவுக்கு அனுப்பினாள். அதே. அருளப்பன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து திரையைப் பார்த்து, அய்யோ என்றான், அந்த அய்யோவில் ஜன்னத்தும் ஸ்கேன் மேஜையும் டாக்டரம்மாவின் கண்ணாடியும் எல்லாம் இருந்தன. பதினொன்றே காலுக்கு 'ஆரம்பி' என்று சொல்லியிருந்தால் முதல் படமே பாதியில் நின்றிருக்கும், நகல் போய்ச் சேராமல் பெட்டி வாங்கிக்கொண்டேன் என்று சொல்லாது, ஆளை மேஜையில் படுக்கவைத்துவிட்டு ஜன்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள், பழைய பெட்டியும் இல்லை, புதுசும் இல்லை. மேஜை போன் அடித்தது, நினைத்தவளே. "யக்கா, திசையன்விளையிலருந்து ஒரு வாத்தியாரக் கொண்டுட்டு வாராவ, பைக்ல விழுந்து தலையில அடி. ஒரு மணிக்கு எடுக்கலாம்லா?" எடுக்கலாம் என்றாள் மங்கை. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. மணி பன்னிரண்டு பத்து.

ஆனால் இதில் ஒரு விசித்திரம், பயம் அதிக நேரம் நிற்கவில்லை. எது என்று தெரியாதபோதுதான் அது அடுப்பில் வைத்த ஏதோ ஒன்று, தெரிந்துவிட்டால் அது வெறும் வேலை, வேலையென்றால் அவள் விரல்களுக்குத் தெரியும். ஸ்விட்சுக்குள் போனாள். பாதைகள் மூன்றும் புதன்கிழமை பிரித்தபடியே இருந்தன. அகலம் மட்டும் பழைய ஆயிரத்தைந்நூறு. வியாழக்கிழமையே நடக்காத மாதிரி இருந்தது அதற்கு. மறுபடி எழுதினாள். ஒவ்வொரு எழுத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினாள், பிறகு சேமிக்கச் சொல்லும் வரியை எழுதினாள், எழுதிவிட்டு அருளப்பனைக் கூப்பிட்டு நீயும் பாரு என்றாள். அவன் பார்த்து, ஆமாக்கா இருக்கு என்றான். பெரிய பிங், பதில் வந்தது, மூன்றுக்கும். போதும். வேறு யாராக இருந்தாலும் போதும். மங்கை எழுந்து அலமாரிக்குப் பின்னால் போய் ஸ்விட்சின் மின் வயரைக் கையில் பிடித்தாள். "யக்கா, என்ன பண்ணுதிய!" "புடுங்கி மாட்டப்போறேன்." "இப்பத்தான சரியாச்சு!" வியாழக்கிழமையும் இப்பத்தான் சரியாச்சு என்றாள். பெட்டிகள் மூன்றையும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. பத்து எண்ணி மாட்டினாள். அது எழுந்திருக்க நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷம் இருக்கிறதே. சாரல் ஜன்னலில் தட்டியது. மறுபடி நயினார், எடுக்கவில்லை, தேங்காயாக இருக்கும். டாக்டரம்மா சரி, பரவாயில்லை என்று கோபமில்லாமல் சொல்லுவார். சொன்னால் சொல்லட்டும், ஆனால் இந்த அறை, இந்தக் குளிர், இந்த முனகல், சால்வை, காலையில் கதவைத் திறந்ததும் வருகிற அந்தச் சூடான தூசி வாசனை, எல்லாம் யாரோ ஒரு வெளியாளுக்குப் போய்விடும், அவன் பச்சையாற்றை சர்வர் ஒன் என்று கூப்பிடுவான். இவ்வளவு பிடித்திருக்கிறதா எனக்கு இது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. விளக்கு ஒவ்வொன்றாக வந்தது. உட்கார்ந்து ஒன்பதாயிரம் கட்டி அனுப்பினாள். கடனா பதில் சொன்னது. சிற்றாறு ஒரு நொடி சும்மா இருந்தது, நிஜமாகவே ஒரு நொடிதானா, இருக்கலாம், பிறகு சிற்றாறும் பதில் சொன்னது. அடுத்த வரி. அடுத்த வரி. இருபது வரி ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அருளப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏசி ரொம்பக் குளுருதுக்கா என்றான்.

ஒரு மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது 'ஆரம்பி' என்று ஜன்னத்திடம் சொன்னாள். நோட்டில் வியாழக்கிழமை டிக்கின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ஞாயிறு என்று எழுதிப் புதிதாக ஒன்று போட்டாள். ஒன்று பத்துக்குத் திசையன்விளை வாத்தியாரின் தலை பச்சையாற்றுக்கு வந்து சேர்ந்தது, அதன் நகல் கடனாவுக்குப் போய்ச் சேர்ந்தது, முந்நூற்றுச் சொச்சம் துண்டுப் படம், ஒன்றுகூட நிற்கவில்லை. ஜன்னத் போனில், "டாக்டரு பாத்துட்டாவக்கா, உள்ள ரத்தக்கட்டு ஒண்ணும் இல்லையாம்," என்றாள். வாத்தியாரை யாரென்றே தெரியாது, ஆனாலும் மங்கைக்கு எழுந்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்போல இருந்தது. அருளப்பன் டீ வாங்கப் போனான். அவள் தனியாக இருந்தாள், திரையில் எண்கள் அமைதியாக மாறிக்கொண்டிருந்தன, போன் அதிர்ந்தது. ஒன்றே கால். "சாப்ட்டியா?" என்றாள் அக்கா. சாப்ட்டேன் என்று வாய் தன்னாலே போயிற்று, பாதியில் நிறுத்தினாள். "இல்லக்கா." "ஏன்ட்டி, இன்னமுமா?" "யக்கா." "என்னட்டி?" "ஐப்பசில உனக்கு ஆபரேஷன் நடந்துச்சே. எனக்கு ஏன் சொல்லல?" சொல்லிவிட்டாள். லைன் அறுந்துவிட்டதா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஏன் கேட்டோம், ஒழுங்காக இருந்ததைக் கெடுத்துவிட்டோமா, நாளைக்கு ஒன்றே காலுக்குப் போன் வராமல் போய்விடுமா, வேறு ஏதாவது சொல்லிச் சிரித்துவிடலாமா என்று மனசு நாலு பக்கமும் ஓடியது. அவள் வாயைத் திறக்கவில்லை. காத்திருந்தாள். "சொல்லத்தான்ட்டி தெனமும் போனப் போட்டேன்," என்றாள் செண்பகம். குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. "சாப்ட்டியான்னு ஆரம்பிச்சுச் சொல்லிருவம்னுதான் போடுவேன். நீ சாப்ட்டேன், வேல கெடக்குன்னு சொல்லுவ. சரி, நாளைக்குச் சொல்லிக்கிடலாம்னு வச்சிருவேன். ஆஸ்பத்திரிலருந்துகூட அப்படித்தான் போட்டேன். பொறவு தையலும் பிரிச்சாச்சு, வீட்டுக்கும் வந்தாச்சு, இனிமே என்னத்தச் சொல்லன்னு விட்டுட்டேன்." மங்கை சால்வையின் முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். வாசலில் அருளப்பன் இரண்டு டீயோடு வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றை மேஜையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனான். "யக்கா, எனக்கு இன்னைக்கு வேல முடிஞ்சிட்டு. நெறைய நேரம் இருக்கு. மொதல்லருந்து சொல்லு," என்றாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, மச்சானை எழுப்பிவிடாமல் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு செண்பகம், குனிந்து கோலம் போடும்போது முதல்முதலாக வலி வந்த அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.